துடைத்தால் போதும், தேய்க்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சுவீடனில் ஒருவர் பழைய மௌசர் ரைஃபிள் ஒன்றைப் புதுப்பித்த கதையை, முன்பு எப்படி இருந்தது பின்பு எப்படி ஆனது என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். வாசித்ததும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் நீங்கள் 'முன்பு' என்று போட்ட படம்தான் அழகாக இருந்தது, 'பின்பு' என்று போட்டதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

நான் நோர்வேக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் துப்பாக்கியைத் துவக்கு என்றுதான் சொல்வோம், ஆகவே அப்படியே எழுதுகிறேன், மன்னிக்கவும். பழைய துவக்குச் சேர்க்கிற பழக்கம் எனக்கு இங்கேதான் தொற்றியது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆள் இங்க வந்து துவக்குக்கு எண்ணெய் பூசுறியளோ" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. காவல்துறை அனுமதி, சுவரோடு பூட்டிய இரும்பு அலமாரி எல்லாம் ஒழுங்காக உண்டு, அதில் குறை சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் வந்தது 1906ஆம் ஆண்டு எஸ்கில்ஸ்டூனாவில் உள்ள கார்ல் குஸ்தாவ் ஆயுத ஆலையில் செய்த எம் 96, அதாவது சுவீடன் படைக்கென்று செய்த மௌசர். அதன் அடிக்கட்டையின், அதாவது தோளில் வைக்கிற மரத்தின், வலது பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை இருக்கும், நம் ஊர்ப் பழைய நாணயம் அளவு. அதை அலங்காரம் என்று நினைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டாரே, அது அந்தத் துவக்கின் மருத்துவக் குறிப்பேடு ஐயா! மூன்று பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒன்றில் குழலின் உள்விட்டம் எவ்வளவு, ஒன்றில் குழலின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது, மற்றதில் 1941இல் வந்த கூர்முனைத் தோட்டாவைப் போட்டால் குறி எவ்வளவு மேலே போகும். ஆயுதப் பட்டறைக்காரன் அளந்து பார்த்து, உரிய எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குத்துக் குத்திவிடுவான். அந்தக் குத்துத்தான் போய்விட்டது. உங்கள் 'பின்பு' படத்தில் வில்லை கண்ணாடி மாதிரி மின்னுகிறது, வாசிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 1939-40இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கிய குளிர்காலப் போரில் சுவீடன் இந்த எம் 96 துவக்குகளை ஆயிரக்கணக்கில் பின்லாந்துக்குக் கொடுத்தது. அங்கே போன பலவற்றின் இரும்பில் சின்னச் சதுரத்துக்குள் 'எஸ்ஏ' என்ற முத்திரை இருக்கும், பின்லாந்து இராணுவத்தின் சொத்து என்று பொருள். நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய போர் எதையும் காணாத நாட்டின் துவக்கு, போர்முனைக்குப் போய் வந்ததா இல்லையா என்று சொல்வது அந்த இரண்டு எழுத்துத்தான். இரும்பையும் தேய்த்து, துருப் பிடிக்காமல் இருக்கப் போடுகிற கருநீல நிறத்தை மறுபடி ஏற்றினாராம் உங்கள் ஆள். அங்கே அப்படி ஒரு முத்திரை இருந்ததா என்று இனி யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் கோயில் கற்சுவர்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்து, கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்தார்கள் என்று எவ்வளவு கத்தினோம். அதே வேலைதான் இது, அளவு மட்டும் சின்னது.

எனக்கும் இதைப் பேச யோக்கியதை இல்லைதான். நான் வாங்கிய முதல் துவக்கு ஒரு கிராக்-யோர்கன்சன், கொங்ஸ்பெர்க்கில் செய்தது. கொங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்க ஊர், அங்கே 1814இல் ஆயுத ஆலை தொடங்கினார்கள். ஓலே கிராக்கும் எரிக் யோர்கன்சனும் சேர்ந்து வடிவமைத்த இந்தத் துவக்கை முதலில் எடுத்தது டென்மார்க், 1889இல். பிறகு 1892இல் அமெரிக்கா, சொந்த நாடான நோர்வே கடைசியாக 1894இல்! வலது பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்து ஐந்து தோட்டாவையும் உண்டியலில் காசு போடுகிற மாதிரி உதிரியாகப் போட்டு மூடிவிடலாம், அவை போல்ட்டுக்கு, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற இரும்புத் தண்டுக்கு, கீழே வளைந்து இடது பக்கமாக ஏறி வரும். போல்ட்டை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகும். ஆனால் போரில் வேகமாக நிரப்ப வராது. 1898இல் கியூபாவில் ஸ்பானியர்களின் மௌசரோடு மோதிப் பார்த்த அமெரிக்கர்கள், சில வருடங்களிலேயே வேறு துவக்குக்கு மாறிவிட்டார்கள்.

அந்த அழகான சாமானை நான் என்ன செய்தேன்? சாண்ட்பேப்பர் வாங்கி வந்து ஒரு சனி ஞாயிறு முழுக்க மரத்தைத் தேய்த்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, பெருமையாகச் சுடும் கழகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வயதான ஒருவர் வாங்கிப் பார்த்தார். பெருவிரலால் அடிக்கட்டையைத் தடவினார். "முத்திரை எங்கே?" என்றார். நான் முழித்தேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அப்புறம் அவரிடமே கற்றுக்கொண்டேன். மரத்துக்கு வேண்டியது மெல்லிய துணியும் சில துளி ஆளிவிதை எண்ணெயும், அதுவும் வருடத்துக்கு ஒரு தரம். சிவப்புத் துருப் பிடித்த சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கழற்றி, சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் சிவப்புக் கறுப்பாக மாறும், மேலே நிற்கிற பொடியை மெதுவான பிரஷ்ஷால் தட்டிவிட்டு எண்ணெய் தடவினால் போதும், கீழே உள்ள பழைய நிறம் அப்படியே இருக்கும். இதற்காக மனைவியின் புட்டுப் பானையை எடுத்த கதை வேண்டாம். அந்தப் பானை இப்போது என்னுடையது.

கட்டுரையில் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் எம் 39 ரைஃபிள் ரஷ்யாவிடம் வாங்கியது என்று எழுதியிருந்தார்கள். அப்படியல்ல. 1917இல் விடுதலை அடைந்தபோது ரஷ்யப் படை விட்டுப்போன மோசின் துவக்குகள், போரில் பிடித்தவை, மற்ற நாடுகளிடம் வாங்கியவை, இவற்றின் நடு இரும்பை மட்டும் எடுத்துப் புதுக் குழலும் புது பர்ச் மரமும் போட்டுச் செய்தது அது. ஆகவே எம் 39 ஒன்றைக் கழற்றினால் உள்ளே 1890களின் ஜார் கால ஆண்டுகூட இருக்கலாம். மரத்தின் முன்பகுதியில் விரல்களைக் கோர்த்த மாதிரி ஒரு பொருத்து இருக்கும், புதிதாக வாங்குகிறவர்கள் உடைந்து ஒட்டியது என்று நினைத்துப் பேரம் பேசுவார்கள். வேணும் என்றே செய்தது. பழைய கட்டைகளில் பைன் தார் வாசமும் வரும், வார்னிஷ் அடித்தால் அதுவும் போச்சு. துவக்கின் நுனியில் மாட்டுகிற கத்திகளான பயனெட்டுகள் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. வீட்டில் செம்மஞ்சள் பிடி போட்ட கத்தரிக்கோல் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பிஸ்கார்ஸ் என்று இருக்கும். பின்லாந்துப் படைக்குப் பயனெட் செய்ததும் அதே நிறுவனந்தான்.

அந்தச் சுவீடன்காரரோடு உங்கள் நிருபருக்கு இன்னும் தொடர்பு இருந்தால் ஒரு செய்தி சொல்லச் சொல்லுங்கள். பழைய திருகாணி, வளையம், தோல்வார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டதாக எழுதியிருந்தீர்கள். சுவீடன் துவக்கில் சின்னப் பாகங்களில்கூடத் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் வெட்டியிருக்கும். குப்பையில் போடாமல் வைத்திருந்தால், எண் ஒத்துப்போகிறவற்றை ஒரு துணிப்பையில் போட்டு அந்தத் துவக்கோடேயே கட்டி வைக்கட்டும். போட்டுவிட்டார் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பழைய வாசகன்,
டிராம்மன், நோர்வே