ரட்டாட்டூயி பிறந்த இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரட்டாட்டூயி என்னும் காய்கறிக் கூட்டைப் பிரான்ஸின் தொன்மையான உணவு என்று எழுதுவோர், அதன் தாயகமான நீஸ் நகரம் 1860-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுடன் நிலையாக இணைந்தது என்பதையும், அதற்கு முன் இத்தாலியப் பகுதியைச் சேர்ந்த சார்டினிய அரசின் கீழ் இருந்தது என்பதையும் மறந்துவிடுகின்றனர். அதில் சேரும் தக்காளியும் குடைமிளகாயும், வெள்ளரிக்காய் போன்ற தோற்றமுள்ள சுக்கினி என்னும் காயின் மூதாதையான பூசணி இனமும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. 1492-இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன் அவை ஐரோப்பிய அடுப்பில் ஏறியிருக்க வழியே இல்லை. கத்தரிக்காயோ ஆசியாவுக்கு உரியது. அரபு மக்கள் வழியாக மத்தியதரைக் கடற்கரைக்குச் சென்றது.

சமைக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய் ஒவ்வொன்றையும் ஆலிவ் எண்ணெயில் தனித்தனியே வதக்கி, வெங்காயமும் பூண்டும் தைம் இலையும் சேர்த்துச் சுண்டவைத்த தக்காளியில் கடைசியாகக் கலந்து, சிறுதீயில் விடுவதே பலரும் போற்றும் முறை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வேகவைத்தால் கத்தரிக்காய் குழைந்துவிடும். கோடையில் ஒருசேரக் காய்த்துக் குவியும் காய்களைக் கொண்டு எளிய குடும்பங்கள் சமைத்த இவ்வுணவை, நட்சத்திர விடுதிகளின் சாதனையாகக் காட்டுவது எனக்கு ஏற்புடையதன்று.

– வாசகர் ஒருவர், திருச்சி