அப்பச்சி, ஆவணியில் மணிவிழா வைப்போம்

நிஷிகசாய், டோக்கியோ
வைகாசி, 2026

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். மழைக்காலம் தொடங்கப்போகிறது, இனித் துணி காய்வதுதான் பெரும்பாடு. பேரன் பள்ளியில் முழுக்க ஜப்பானிய மொழிதான் பேசுகிறான். வீட்டுக்குள் வந்துவிட்டால் தமிழ்தான்.

"அறுபதுக்குச் சாந்தியெல்லாம் எதற்கு, அந்தப் பணத்தில் மச்சு ஒழுகுவதைச் சரிபண்ணலாம்" என்று சொன்னீர்களாம். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாவும் உங்களைப்போல 1966-இல் பிறந்தவர். போன மாதம் அவருக்கு 60 நிறைந்தது, எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த ஊர்ப் பழைய கணக்கிலும் வருடங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன, அப்பச்சி. நமக்குப் பராபவ திரும்பியிருக்கிற இந்த வருடம் அவர்களுக்கு நெருப்புக் குதிரை வருடம். அதில் பிறக்கிற பெண் புருஷனுக்கு ஆகாது என்று ஒரு பழைய நம்பிக்கை. அதற்குப் பயந்தே 1966-இல் நாடு முழுக்கப் பிள்ளைப்பேறு கால் பங்கு குறைந்துவிட்டது. முந்தைய வருடம் 18 லட்சத்துக்கு மேல், அந்த வருடம் 14 லட்சம்கூட இல்லை. பெண்ணாகப் பிறந்தோமே என்று சின்ன வயதில் நிறையப் பேச்சுக் கேட்டதாக அந்த அம்மா சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் சிவப்புத் தொப்பி வைத்து, சிவப்பில் கையில்லாத மேலங்கி போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். கைக்குழந்தைக்குச் சிவப்பு உடுத்துவது இங்கே பழைய வழக்கம். அறுபதில் மறுபடி பிறந்ததாகக் கணக்கு. சிவப்புப் பயறு போட்டு ஆக்கிய சோறும் உண்டு. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

அங்கே அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். நம்மிடம் ஆத்தாவும் பக்கத்தில் இருப்பார்கள், கும்ப நீர் இருவர் தலையிலும் விழும், மறுபடி தாலி கட்டித் திருப்பூட்டுவீர்கள். முதல் கல்யாணத்தை நானும் தம்பியும் எப்படிப் பார்த்திருக்க முடியும்? இதையாவது பார்க்க வேண்டாமா? வருடா வருடம் உங்கள் கல்யாண நாள் வந்து போகிறது, கோயிலுக்குப் போய் வருவதோடு சரி. எங்களுக்காக எவ்வளவோ செய்தீர்கள், உங்களுக்கென்று ஒரு நாள்கூட வைத்துக்கொண்டதில்லை. அது எனக்கு மனத்தாங்கல்தான்.

திருக்கடையூர் அலைச்சல் என்றால் வேண்டாம். மண்டபமும் வேண்டாம். நம் வீட்டு வளவிலேயே கும்பம் வைப்போம், பங்காளிகளையும் அம்மான் வீட்டாரையும் மட்டும் அழைப்போம். காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இருந்தால் போதும். செலவை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். மச்சு வேலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுபதுக்குச் செய்யலாம், எண்பதுக்குச் செய்யலாம் என்று தள்ளாதீர்கள். அவையும் வரட்டும், அவற்றையும் செய்வோம். ஆனால் இன்றைக்கு அப்பத்தா தன் காலால் நடந்து வந்து மகன் தலையில் அட்சதை போடுவார்கள். அவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: இங்கே செப்டம்பர் மூன்றாவது திங்கள் பெரியவர்களுக்கென்றே அரசு விடுமுறை. நூறு வயதாகிறவர்களுக்குப் பிரதமரின் வாழ்த்துக் கடிதமும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணமும் வருகின்றன.

ஆகஸ்ட் நடுவில் எங்களுக்கு முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை விடுமுறை, அதோடு சேர்த்து லீவு போடுகிறேன். ஆவணியில் உங்கள் நட்சத்திரம் எந்தத் தேதியில் வருகிறது என்று குருக்களிடம் கேட்டு உடனே சொல்லுங்கள். டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆத்தா, பெட்டகத்திலிருந்து கல்யாணத் தாலியான கழுத்திருவை எடுத்துப் பாருங்கள். புதிதாகக் கோக்க வேண்டியிருந்தால் இப்போதே ஆள் சொல்லிவிடுவது நல்லது.

அன்பு மகள்