சொல்லைத் திருத்திக் கொடுத்த ஊருக்கு

மதிப்பிற்குரிய ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், வலைக்கூடத்துப் பெரியவர்களுக்கும், ஏலக்கரைத் தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட கரையில், நூறு வீடுகள்கூட இல்லாத உங்கள் ஊருக்கு, கடல்தொழில் சொற்களைத் திரட்டுவதற்காக இரண்டு ஆண்டுகளாக நான் வந்துபோனதும், அந்தத் திரட்டு இப்போது கையெழுத்துப் படியாக முடிந்திருப்பதும் நீங்கள் அறிந்தவையே. நன்றியை வலைக்கூடத்தில் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தப் படியைக் கையில் எடுக்கும் வெளியூர்க்காரர்களுக்கு, அதில் என் பங்கு எவ்வளவு சிறியது என்பது தெரியவேண்டும் என்பதால் பொதுவிலும் எழுதுகிறேன். ஊரின் பெயரைப் போடவேண்டாம் என்று பஞ்சாயத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியில் போனால் கரையில் இடம் பார்க்க ஆள் வந்துவிடும் என்ற அவர்களது கவலை நியாயமானது. ஆகவே இங்கே பெயர் இல்லை.

முதல் நாள் நான் வந்தபோது யாரும் என்னை வரவேற்றுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த நாகை மாவட்டத்தின் மற்றக் குப்பங்களைப் போலவே உங்கள் ஊருக்கும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்கள் ஏராளம். "எழுதிக்கிட்டுப் போனவங்க நிறைய. எழுதினதைத் திரும்பக் கொண்டாந்து காட்டினவங்கதான் யாருமில்லை" என்றார் பஞ்சாயத்தில் மூத்தவர். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மாதத்துக்கு ஒருமுறை, அதுவரை எழுதியதை எல்லாம் வலைக்கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அன்றைக்கு அது எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது. முப்பது ஆண்டுகள் தமிழ் வகுப்பெடுத்தவன், மாணவனைப்போல் எழுந்து நின்று படிப்பதா என்ற எண்ணம் எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

படித்த முதல் நாளே காற்றில் மாட்டிக்கொண்டேன். வாடை என்றால் வடகாற்று, கொண்டல் என்றால் கீழ்காற்று, கச்சான் என்றால் மேல்காற்று, சோழகம் என்றால் தென்காற்று என்று நான்கே வரியில் முடித்திருந்தேன். வாடையும் கொண்டலும் சங்கப் பாடல்களிலேயே வீசுகிற காற்றுகள் என்று பெருமையாக ஒரு குறிப்பும் சேர்த்திருந்தேன். வலையில் கண் முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "திசையை எழுதிட்டீங்க வாத்தியாரே, மாசம் எங்கே? ஐப்பசி வாடையும் தை வாடையும் ஒண்ணா?" ஒன்றில்லைதான். ஐப்பசியில் மழையைக் கொண்டுவந்து கடலைக் கலக்கும் அதே திசைக் காற்று, தை பிறந்தபின் படகை அடக்கமாகக் கொண்டுசெல்லும் காற்றாகிவிடுகிறது. திசையை மட்டும் அறிந்தவன் அகராதி எழுதலாம், தொழிலுக்குப் போகமுடியாது. அந்த நான்கு வரிகள் இன்று பதினோரு பக்கங்களாகியிருக்கின்றன. அவற்றில் ஒரு வரியைக்கூட என்னுடையது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

அப்படிப் படித்த பல மாலைகளில்தான் உங்கள் ஊரின் இயல்பை நான் மெல்லப் புரிந்துகொண்டேன். நீங்கள் எவரும் கண்டதையும் கேட்டதையும் கலந்து பேசுவதில்லை. 'இது நான் பார்த்தது', 'இது எங்கப்பா சொன்னது', 'இது எனக்குத் தெரியாது' என்று மூன்றையும் பிரித்துவைத்துத்தான் வாயைத் திறக்கிறீர்கள். கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைக் கரையடையாளம் வைத்து இன்னொருவருக்குச் சொல்லும்போது அனுமானத்தைக் கலந்தால் வலை கிழியும், சில நேரம் ஆளும் போவார் என்ற தொழில்நிலைமையிலிருந்து வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன். ஆழிப்பேரலையன்று கடல் முதலில் உள்வாங்கியதா என்று நான் கேட்டபோது, வடக்குத் தெருக்காரர் உள்வாங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். அவருடைய தம்பியோ, "நான் படகு மறைவில் இருந்தேன், சத்தம்தான் கேட்டேன், பார்க்கலை" என்றார். இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை, ஒத்துப்போகவும் முயலவில்லை. இரண்டையும் அப்படியே எழுதச் சொன்னீர்கள், அப்படியே எழுதியிருக்கிறேன்.

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகில் கூலிக்குப் போகும் ஆட்கள் கையில் காசில்லாமல் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில்தான் என் வேலை வேகமாக நடந்தது. உங்கள் நெருக்கடியில் எனக்குச் சௌகரியம் கிடைத்தது என்பது இப்போதும் உறுத்துகிறது. மற்ற நாட்களில், விடியலில் படகு கரையேறும்போது குறுக்கே நின்று நான் கேள்வி கேட்டதைப் பொறுத்துக்கொண்ட ஏலக்கரைத் தாய்மார்களுக்குத் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 'பாடு' என்ற சொல்லைப் பிடிபட்ட மீனின் அளவு என்று மட்டும் நான் குறித்திருந்தேன். ஏலம் கூறும் அம்மா கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மீன் வராத நாளையும் பாடில்லைன்னுதானே சொல்றோம்? அந்த நாளைக்கும் டீசலுக்குக் காசு கொடுத்தாச்சே, அதை எங்கே எழுதுவீங்க?" என்றார்கள். அந்தச் செலவுக் கணக்கும் இப்போது அந்தச் சொல்லின் கீழ் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் மறக்கமுடியாதது சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நடந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபைபர் படகில் ஏறினேன். கரை திரும்பும்போது உடையலை ஒன்று படகுக்குள் ஏறியதில் பை முழுகிவிட்டது. ஏழு மாத எழுத்து. நான் மணலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மூன்று பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் நோட்டின் தையலைப் பிரித்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பழைய வலையின்மேல் பரப்பி, பறந்துவிடாமல் ஒவ்வொரு தாளின் மூலையிலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வைத்தார்கள். நெத்திலி காயப்போடும்போது செய்வதைப்போலவே, நடுப்பகலில் ஒருமுறை வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார்கள். மை கரைந்து நீலத் திட்டாகிப்போன இடங்களை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி வீடு வீடாகப் போய், யார் சொன்ன சொல் எது என்று கேட்டு, பென்சிலால் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, கரையாமல் தெளிவாக இருந்த சொற்களிலும் நான்கு தப்பு இருப்பதாகச் சொன்னாள். சரிபார்த்தேன். நான்கும் தப்புதான்.

தங்குவதற்குத் திண்ணை கொடுத்த வீட்டாருக்கும், ஊருக்குள் பேருந்து இல்லாத குறையை இருசக்கர வண்டியால் தீர்த்துவைத்த தம்பிகளுக்கும், வலையிழுக்கும் அம்பாப் பாட்டை எனக்காக மட்டும் கரையில் நின்று பாடிவிட்டு 'கயிறு கையில் இல்லாமல் பாட்டு சரியா வரலை' என்று வருந்திய முதியவருக்கும் என் நன்றி.

படியின் இரண்டு நகல்கள் வருகிற பௌர்ணமிக்குள் உங்களிடம் வந்துசேரும். ஒன்று வலைக்கூடத்துக்கு, மற்றொன்று பள்ளிக்கூடத்துக்கு. பெரியவரின் யோசனைப்படி இடப்பக்கத்தில் மட்டுமே சொற்கள் இருக்கும். வலப்பக்கங்களை முழுவதும் காலியாக விட்டிருக்கிறேன். நகலோடு இரண்டு பென்சில்களும் கட்டி அனுப்புகிறேன்.

என்றும் கடப்பாடுடைய,
உங்கள் வாத்தியார்