கல்லூரிக் கணித மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் இவ்வாண்டுப் பணிகளில் பெரும்பகுதி, கணிதத் துறையும் கணினி அறிவியல் துறையும் இணைந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை நடத்திய இளநிலை மாணவர் கருத்தரங்கையே சார்ந்திருந்தது. பல தலைப்புகளைத் தொட்டுச் செல்வதைவிட, ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைவாக அறிவது எப்படி என்ற ஒரே கேள்வியை ஆண்டு முழுவதும் தொடர்வது என்று செயற்குழு முடிவு செய்தது.

முதல் அமர்வுகள் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தில் தொடங்கின. p ஒரு பகா எண் எனில், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதே அத்தேற்றம்; ஓர் எண்ணுக்கு இவ்வாறு மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே ஃபெர்மா சோதனை. 561 என்ற எண் 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கற்பலனாக இருந்தும், அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை) எடுத்தாலும் ஃபெர்மா சோதனையில் பகா எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. 561இலிருந்து 1 குறைந்த 560, அம்மூன்று காரணிகளிலிருந்தும் 1 குறைந்த 2, 10, 16 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடுவதே இதற்குக் காரணம் என்பதை இரண்டாமாண்டு மாணவியர் கரும்பலகையில் நிறுவிக் காட்டினர். அதன்பின், கணினி அறிவியலாளர்களான மில்லர் 1976இலும் ராபின் 1980இலும் தந்த பகா எண் சோதனைகளைப் படித்தோம். முன்னது நிறுவப்படாத ஒரு கருதுகோளையும், பின்னது நிகழ்தகவையும் நம்பியிருந்தன. இவ்விரண்டின் துணையும் இல்லாமல், எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பல்லுறுப்புக்கோவை அளவிலான நேரத்திலேயே (அவ்வெண்ணிக்கையின் ஏதோ ஒரு நிலையான அடுக்கைத் தாண்டாத வேகத்தில் வளரும் நேரத்தில்) விடை சொல்லும் வழிமுறையை, 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் வெளியிட்டனர். அவர்களுள் பின்னிருவரும் அவ்வாண்டில்தான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்தவர்கள் என்ற செய்தி நம் மாணவர்களிடம் ஏற்படுத்திய ஊக்கத்தை நான் நேரில் கண்டேன். அக்கட்டுரையை முழுமையாகப் படித்து முடிக்க ஐந்து அமர்வுகள் தேவைப்பட்டன, அவை வீணாகவில்லை.

இவ்வாண்டின் மிகச் சிறந்த அமர்வு, எண் கோட்பாட்டு அறிஞர் எஸ். எஸ். பிள்ளையைப் பற்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அடுத்தடுத்து வரும் முழு எண்களை 16 அல்லது அதற்குக் குறைவான எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்றாவது மற்ற அனைத்துக்கும் சார்பகா எண்ணாக (1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாக) இருக்கும் என்று 1940இல் நிறுவினார். 17 எண்களுக்கு இது பொருந்தாது. மாணவர்கள் இது பொருந்தாத எடுத்துக்காட்டைப் பைத்தான் நிரல் எழுதித் தேடியபோது 2184 முதல் 2200 வரையுள்ள எண்கள் கிடைத்தன. நிரலின் விடையோடு நில்லாமல், 13இன் முப்படியான 2197 என்பது 2184உடன் 13ஐயும், 2189 என்பது 2200உடன் 11ஐயும் பொதுக் காரணியாகப் பகிர்ந்துகொள்வது போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தனர். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த பன்னாட்டுக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். அவர் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதாகப் பெரும்பாலான மாணவர்கள் கூறியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

குறை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். இராமானுசன் பிறந்த நாளான டிசம்பர் 22ஐ ஒட்டி நடந்த அமர்வில் வாழ்க்கை நிகழ்ச்சிகளே பேசப்பட்டன. அவருடைய ஒரு தேற்றம்கூடப் பலகையில் எழுதப்படவில்லை. நிகழ்ச்சி நிரலை வகுத்த நானே அதற்குப் பொறுப்பு. வரலாற்று அமர்வு எதுவாயினும் குறைந்தது ஒரு நிறுவலாவது இடம்பெற வேண்டும் என்று அதன்பின் விதி வகுத்தோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். வரும் ஆண்டுக்கு வரைபடக் கோட்பாட்டை (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவை) பொருளாகக் கொள்ளவும், மாணவர்கள் எழுதிய அமர்வுக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்துத் துறை நூலகத்தில் வைக்கவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்