பெட்டி வந்து சேர்ந்தது

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. உடனே போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய், சரி. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சேர்த்த மத்திய ஆசியத் துருக்மென் கம்பளி நெசவுகள் எல்லாவற்றையும் உன் அறையில் விரித்துப் பார்த்தேன். சாமான் வைக்கும் அந்தப் பெரிய சுவால் பையில், நீ சொல்லிக்கொடுத்தபடி முடிச்சுகளை விலக்கி அடிவரை பார்த்தேன். அடியும் நுனியும் ஒரே சிவப்பு. ஆரம்பகால அனிலின் என்ற செயற்கைச் சாயமென்றால் நுனி வெளுத்திருக்கும் என்பாயே. இது மஞ்சிட்டி வேர்ச் சிவப்புதான் என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னேன். அவரோ, "1868-லேயே ஜெர்மனியில் அந்தச் சிவப்பைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று அவன்தான் சொன்னான்" என்கிறார். நீ பேசியதெல்லாம் அவருக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. உன்னிடம் காட்டிக்கொள்ள மாட்டார்.

சம்பளத்தை இதிலேயே கொட்டினாய், அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் எதிர்வீட்டு மாமி பார்க்க வந்தபோது, அந்தக் காலத்தில் துருக்மென் நாடோடிப் பெண்கள் தரையில் முளை அடித்துத் தறி போடுவார்கள், இடம் மாறும்போது அப்படியே சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள் என்றெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பளிக்கு நம் ஊர்க் காற்று ஆகாது. ஐப்பசி மழை பிடித்தால் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பூக்கிறது. மடிக்காமல், அப்பாவின் பழைய வேட்டிகளில் சுருட்டி வைத்திருக்கிறேன். பாச்சை உருண்டை துணியில் படாமல் ஓரத்தில் போட்டிருக்கிறேன். அவ்வப்போது நிழலில் விரித்து, அந்துப்பூச்சி முட்டை இருக்கிறதா என்று பின்பக்கமும் பார்ப்பேன். ஆனால் இதெல்லாம் உன் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டியவை. ஏன் மொத்தமாக அனுப்பினாய்?

இன்னொன்று. அந்தக் காலத்தில் கல்யாண ஒட்டகத்துக்குப் போட்ட அந்த ஐந்து மூலை விரிப்பு, அஸ்மாலிக். இரண்டு விலாவுக்கும் ஜோடியாக நெய்வார்கள், ஜோடி பிரியாமல் கிடைப்பது அபூர்வம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! உங்கள் கூடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. தவறிவிட்டதோ என்று சுற்றி வந்த சாக்கையும் உதறிப் பார்த்தேன். மற்றது அங்கேயே இருக்கிறதா? யாரிடம் இருந்தாலும் வெயில் படாமல் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு, அதுதான் முக்கியம்.

அவள் பிறந்தநாளுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கோயிலுக்குப் போய்விடுவார், அப்போது கூப்பிடு. நான் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா