முயலுக்குக் குதிரைப் புல் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த வளர்ப்புப் பிராணிகள் பற்றிய கட்டுரை, முயல் வளர்ப்பது சுலபம், கரட்டும் கடைத் தீவனமும் இருந்தால் போதும் என்ற மாதிரி எழுதப்பட்டிருந்தது. இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்திலும் ஸ்காபரோவிலும் எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்போது நிறைய முயல்கள் இருக்கின்றன. அதனால் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

முயலின் சாப்பாட்டில் பத்தில் எட்டுப் பங்காவது காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும். நார் நிறைந்த புல்லை நாள் முழுக்கப் பக்கவாட்டில் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும், குடலும் ஓடிக்கொண்டிருக்கும். குடல் நின்றுவிட்டால் ஒரு நாளுக்குள் முயல் போய்விடலாம்.

எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டில் ஒன்று, தொங்குகாது முயல், வேறொரு குடும்பம் வீடு மாறும்போது எங்களிடம் தந்தது. அதுவரை அது சாப்பிட்டது நிறம் நிறமான விதைக் கலவை மட்டும். வந்த அன்றே தாடை ஈரமாக இருந்தது. எச்சில் வடிந்து மயிர் ஒட்டிப்போயிருந்தது. பசியோடு கிண்ணத்துக்கு ஓடி வரும், ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கும். மிருக வைத்தியர் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பல் ஊசிபோல் உள்பக்கம் வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் தேய்க்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பல வருடத்துக்குப் புல் வாங்கியிருக்கலாம்.

"புல் விலையாயிற்றே" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். கடையில் விற்கும் பை சின்னது, விலை பெரியது. முயலுக்கோ தன் உடம்பளவு குவியல் தினமும் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் ஸ்ரவுவில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் அரை மணி நேரம் கார் ஓட்டினால் குதிரை வளர்ப்பவர்களுக்குப் புல் விற்கும் பண்ணைகள் இருக்கின்றன. நாற்பது ஐம்பது இறாத்தல் எடையுள்ள ஒரு சதுரக் கட்டு, கடைப் பை ஒன்றின் விலைகூட வராது. எங்கள் இரண்டுக்கும் அது இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. கடையில் பையில் கிடப்பதும் பெரும்பாலும் இதே திமோதி என்ற புல் வகைதான்.

கேட்கும்போது குதிரைக்கான புல் என்றே கேளுங்கள். மாட்டுக்கு நாலு அறை வயிறு, கொஞ்சம் மட்டமான புல்லையும் அது சமாளித்துவிடும். குதிரையும் முயலும் பெருங்குடல் பக்கத்தில் புல்லைப் புளிக்கவைத்துச் செமிக்கிற பிராணிகள். இரண்டாலும் வாந்தி எடுக்க முடியாது. பூஞ்சணம் பிடித்த புல் உள்ளே போனால் போனதுதான். புழுதிப் புல் குதிரையின் மூச்சையும் கெடுக்கும் என்பதால், குதிரைக்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அவர்களுடைய அந்தக் கண்டிப்பு எங்கள் முயலுக்கும் உதவுகிறது.

வாங்கும் இடத்தில் கூச்சப்படாமல் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடு இருக்கக்கூடாது. ஈரம் காயாமல் கட்டிய புல் உள்ளே வெந்து பூஞ்சணம் பிடிக்கும். களஞ்சியமே தீப்பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். தட்டுத் தட்டாகப் பிரியும்போது வெள்ளைத் தூள் பறந்தால் வேண்டாம். பச்சை நிறமும், இலங்கையில் பரந்தனில் என் அப்பா மாட்டுக்குப் புல் காயவைத்தபோது முற்றமெல்லாம் வீசுமே, அந்த இனிய மணமும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அல்பல்பா கலந்ததா என்றும் கேளுங்கள். மூன்று மூன்று சிற்றிலையாக இருப்பதுதான் அது. குட்டிகளுக்கு நல்லது. ஆறு மாதம் தாண்டிய முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் மண்டிபோல் தங்கிவிடும். இலையுதிர் காலத்தில் வாசல் அலங்காரத்துக்கு விற்கும் பொன்னிறக் கட்டை இதற்காக வாங்காதீர்கள். அது கோதுமையோ ஓட்ஸோ அறுத்த பிறகு மிஞ்சிய வைக்கோல். படுக்கைக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கட்டிய கயிற்றை முழுக்க எடுத்து எறியுங்கள், முயல் அதையும் கடிக்கும். கராஜில் சீமெந்துத் தரைமேல் நேராக வைத்தால் ஈரம் ஏறும், கீழே ஒரு மரத்தட்டுப் போடுங்கள். பிளாஸ்ரிக்கால் இறுக்கி மூடாமல் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். தும்மல் வருத்தம் உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு முழுக் கட்டு வைக்க இடமிருக்காது, சரி. எங்கள் தெருவில் முயல் வளர்க்கும் மூன்று குடும்பங்கள் ஒரு கட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அட்டைப் பெட்டியில் எடுத்துப் போனால் பல்கனி மூலையிலேயே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளையும் பண்ணைக்குக் கூட்டிப் போகிறேன். புல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிள்ளை கிண்ணத்தை வெறுமையாக விடுவதில்லை.

முதல் வெட்டு ஜூனில் முடிந்திருக்கும். தண்டு தடித்தது, பல்லுக்கு நல்லது. ஆகஸ்ட்டில் வரும் இரண்டாம் வெட்டு மெல்லியது, இலை கூடியது, சாப்பிடப் பஞ்சிப்படும் முயலும் விரும்பித் தின்னும். வயலிலிருந்தே ஏற்றினால் விலை இன்னும் குறையும், ஆனால் புதுக் கட்டைச் சில வாரம் ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குளிர்காலம் வந்தால் நல்ல புல் பண்ணைகளில் தீர்ந்துவிடும். இப்போதே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மார்க்கம், ஒன்ராறியோ