எளிய யோசனைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இவ்வளவு எளிய யோசனைக்கெல்லாம் பேட்டன்ட் (காப்புரிமை) கிடைக்குமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிடைக்கவே கிடைக்காது என்று இன்னொருவர் அடித்துச் சொல்லிவிட்டார். அது சரியில்லை. ஊக்கைவிட எளிய பொருள் ஏதாவது உண்டா? ஒரே கம்பிதான், ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கொக்கி. அதற்கு அமெரிக்காவில் 1849இல் வால்டர் ஹன்ட் காப்புரிமை வாங்கினார். (வாங்கியதை வெறும் 400 டாலருக்கு விற்றும்விட்டார், பாவம்.)

வெறும் யோசனைக்குத்தான் கிடைக்காது. ‘கையில் குத்தாத ஊசி இருந்தால் நல்லது’ என்பது ஆசை. கம்பியை இப்படி வளைத்தால் அந்தச் சுருளே ஸ்பிரிங்காக வேலை செய்யும், கூர்முனை கொக்கிக்குள் போய் உட்காரும் என்று, அந்தத் தொழில் தெரிந்தவர் படித்துவிட்டுத் தானே செய்துகொள்ளும் அளவுக்கு எழுதிக் காட்டினால்தான் அது கண்டுபிடிப்பு. தந்தி புகழ் மோர்ஸ் கூட இதில் இடறினார். மின்காந்த விசையால் தொலைவில் எழுத்துகளைப் பதிப்பது, எந்தக் கருவியில் யார் செய்தாலும், தனக்கே சொந்தம் என்று கேட்டார். அந்த ஒரு கோரிக்கையை மட்டும் 1854இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவர் விவரித்திருந்த கருவிக்கும் முறைக்கும் உரிமை நிலைத்தது.

அடுத்த தடை, புதுமையும் அதில் கொஞ்சம் புத்திசாலித்தனமும். ஒரு முனையில் ரப்பர் வைத்த பென்சிலுக்கு 1858இல் ஹைமன் லிப்மன் காப்புரிமை பெற்றார். வழக்கு 1875இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, பென்சில் எப்போதும்போல எழுதுகிறது, ரப்பர் எப்போதும்போல அழிக்கிறது, இரண்டும் சேர்ந்ததால் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்லி அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பார்த்த பிறகு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும், அதனால் எது ‘யாருக்கும் தோன்றக்கூடியது’ என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் தீர்ப்பு மாறுகிறது. அமேசானின் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்கா 1999இல் உரிமை கொடுத்தது, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. கொடுத்திருக்கக் கூடாது என்பதே என் கட்சி.

கேட்ட வாசகருக்கு ஒன்று. யோசனையைச் செய்து பார்த்த வீடியோவை முதலில் வெளியிட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், நீங்களே வெளியிட்டதைக் காட்டி ‘இது புதிதல்ல’ என்று தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அதை எதிர்பார்க்க முடியாது. யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்றால், ரகசியம் காப்பதாக முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்